முள் கிடக்கிற வீதி

லீட்ஸ்
21 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இனியா எழுதுகிறேன். அம்மா, அண்ணன், நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் ஆரம்பிக்கிறேன். எனக்குக் கொஞ்சம் சளி, மற்றபடி குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீங்கள் போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டேன். துடியலூர் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் வேறு என்ன சட்டம் போடுவார்!

நாடகம் வியாழக்கிழமை அரங்கேறிவிட்டது. ஒரு சாராயக்கடையின் மாடி அறை, நாற்பது நாற்காலி. எழுதியதும் நான், நடிப்பதும் நான் ஒருத்தி. பெயர் ‘முள் கிடக்கிற வீதி’. உள்ளே வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பையும் ஷூவையும் கழற்ற வேண்டும். கழற்றி வைத்துவிட்டு வரக் கூடாது, கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஒன்றரை மணி நேரம் கையிலேயே வைத்திருக்க வேண்டும். முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள், பதினொரு பேர் பாதியில் எழுந்து போனார்கள். அவமானப்படவா டிக்கெட் வாங்கினேன் என்று ஒருவர் வாசலில் கேட்டாராம். ஆமாம் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். செங்காட்டுப்புதூரில் ஊருக்குத் தள்ளி இருக்கிற எங்கள் வளவிலிருந்து பள்ளிக்கூடம் போக, அழகிரிசாமி ஐயா வீடு இருக்கிற மேக்கால வீதியைத் தாண்ட வேண்டும். எங்கள் ஆட்கள் யாரும் அந்த வீதியில் காலில் செருப்போடு நடக்க முடியாது. அம்மா வீதிமுனையில் குனிவாள். நிமிரும்போது அவள் கையில் ஒரு ஜோடி செருப்பு இருக்கும். அதைத்தான் நான் மேடையில் செய்கிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அந்த முனையில் என்னையும் இடுப்பில் தூக்கிக்கொள்வாள். எனக்கு அப்போது ஆறு வயது, நல்ல கனம். முள் கிடக்கிறது என்று சொல்வாள். எங்கள் வளவைவிட அந்த வீதிதான் சுத்தமாக இருக்கும். ஏன் தூக்கினாள் என்று கேட்டு எழுதுங்கள்.

அதைவிட முக்கியம், நாடகம் அவளைப் பற்றியது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அவள் சரி என்றால்தான் அடுத்த ஊர். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, அண்ணி.

அண்ணனுக்கு என் அன்பு.
இனியா


துடியலூர்
12 பிப்ரவரி 2024

இனியா கண்ணுக்கு,

அண்ணி மெர்சி. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அத்தையின் முழங்கால் மட்டும் எப்போதும்போலப் படுத்துகிறது. சளிக்கு மிளகு ரசம் வை. அங்கே மிளகு கிடைக்காது என்று என்னிடம் கதை விடாதே.

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்கள். சாராயக்கடை மாடி என்று எழுதுவாயா, புத்தி கெட்டவளே? ‘ஒரு கடை மாடி’ என்று வாசித்து வைத்தேன்.

நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சரி என்றார்கள்.

இடுப்பு விஷயம் கேட்கவில்லை, இன்னொரு நாள் கேட்கிறேன். உன் அண்ணனுக்கு ரவிதேஜா கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஆமாம், அழகிரிசாமி ஐயாவின் பேரன் ரவிதேஜாவேதான். பம்ப் மோட்டார் எல்லாம் இப்போது ஏற்றுமதி ஆகிறதாம். அண்ணனுக்குச் சட்டையில் பேர் வைத்த அட்டை மாட்டிக்கொள்ள வெட்கம்.

பதினொரு பேர் போனால் போகட்டும். இருபத்தேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள் இல்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
மெர்சி


லீட்ஸ்
30 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும், அம்மாவை மத்தியானம் வெளியே விடாதீர்கள். நான் நலம். ‘சரி என்றார்கள்’ என்று நீங்கள் எழுதிய வரியைக் கத்தரித்து, ஒப்பனை செய்துகொள்ளும் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் மேடைக்குப் போகிறேன்.

நான்கு ஊர் ஆகிவிட்டது. எடின்பரோவில் பெரிய அரங்கம். வெறுங்காலோடு இருக்கிறவர்களுக்குக் கண்ணாடித் துண்டு குத்தினால் யார் பொறுப்பு, தீப்பிடித்தால் எப்படி ஓடுவார்கள் என்று நிர்வாகம் மறுத்துவிட்டது. மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் நானும் டைரக்டரும் விளக்குமாற்றை எடுத்து அரங்கம் முழுக்கக் கூட்டிக் காட்டினோம், விட்டார்கள். ஒரு பத்திரிகை புகழ்ந்தது. இன்னொன்று, பார்க்க வந்தவர்களை மிரட்டுகிற நாடகம் என்று எழுதியது. இரண்டையும் படித்துவிட்டு அடுத்த வாரம் கூட்டம் இரட்டிப்பாக வந்தது. ஜூன் மாதம் டொரான்டோவுக்குத் தமிழர்களே கூப்பிட்டிருக்கிறார்கள்!

அம்மா என்னை இடுப்பில் தூக்குகிற இடத்தை வெட்டிவிட்டோம். காரணம் புரியாத ஒன்றை மேடையில் வைக்க முடியாது என்கிறார் டைரக்டர். ஒரு துணிப் பொம்மையை வைத்துச் செய்துகொண்டிருந்தேன், அதை மூட்டை கட்டி வைத்தாயிற்று. எனக்கு மனசே இல்லை. அம்மாவிடம் கேட்டீர்களா?

இனியா


துடியலூர்
27 ஏப்ரல் 2024

அன்பு இனியா,

இங்கே நாங்கள் சுகம். வெயில் கொளுத்துகிறது. வாரம் ஒருநாள் தண்ணீர், அதுவும் நான் ஆபீஸ் போன பிறகு வருகிறது. அத்தை மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கித் தொட்டி நிரப்புகிறார்கள், சொன்னால் கேட்பதில்லை.

உன் அண்ணன் வால்பாறைப் பக்கம் வேலையாகப் போயிருக்கிறார். எஸ்டேட்டுகளில் பம்ப் ரிப்பேர். குளிருக்குப் போர்வை கொடுத்தனுப்பினேன். வர நாளாகும்.

எடின்பரோவில் நீ கூட்டியதைப் படித்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் ஒருநாள் விளக்குமாற்றைத் தொட்டிருப்பாயா?

நீ கேட்டதைக் கேட்க நேரம் அமையவில்லை. கோபித்துக்கொள்ளாதே. டொரான்டோவுக்குப் போகிறாய் என்றேன், அது எங்கே என்று கேட்டு அத்தை காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

மெர்சி


டொரான்டோ
20 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலமா? அண்ணன் மலையிலிருந்து இறங்கிவிட்டாரா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது.

கூப்பிட்டவர்கள் ஐந்து நாள் முன்னால் பின்வாங்கிவிட்டார்கள். ஊர்ப் பேரைக் கெடுக்கிறாளாம். எங்கள் பக்கத்து ஜனங்கள் எறும்புக்குக்கூட ‘வாங்க’ போடுவார்களாம், அங்கே போய் இப்படி நடந்திருக்குமா என்று ஒரு பெரிய மனிதர் மேடையேறிப் பேசினார். பேசிய வீடியோ உலகம் முழுக்கச் சுற்றுகிறது, அங்கேயும் வந்திருக்கலாம். ஹால் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடும் கூடத்தை வாடகைக்குப் பிடித்தோம். வாசலில் இருபது பேர் பதாகையோடு நின்றார்கள். உள்ளே நூற்றுப்பத்துப் பேர், அத்தனை பேர் கையிலும் செருப்பு.

முடிந்ததும் ஒரு வயசாளி வந்தார். எந்த வீதி என்று கேட்டார். செங்காட்டுப்புதூர் மேக்கால வீதி என்றேன். “அது எங்க வீதிங்க” என்றார். ஷூவைக் கையில் பிடித்தபடியே தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். டிசம்பரில் இதைக் கோயம்புத்தூரில் போடப்போகிறேன், தமிழில். அம்மா முதல் வரிசையில் உட்கார வேண்டும். அவள் சரி என்று சொன்ன தைரியத்தில்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறேன். அவளுக்கு இதை ஒரு எழுத்து விடாமல் வாசியுங்கள்.

இனியா


துடியலூர்
2 செப்டம்பர் 2024

இனியா கண்ணு,

இரண்டு மாதமாக ஏன் எழுதவில்லை என்று நீ திட்டியிருப்பாய். உடம்பு எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. எழுதக் கை வரவில்லை. இப்போது ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

அத்தையிடம் நான் சொல்லவே இல்லை. உன் கடிதங்களில் அந்த இடங்களைத் தாண்டித்தான் வாசித்தேன். அவர்கள் சரி என்று சொல்லவும் இல்லை. பிப்ரவரியில் நான் உனக்கு எழுதியது பொய்.

கேட்டால் வேண்டாம் என்பார்களோ என்று பயந்தேன். அவர்கள் வேண்டாம் என்றால் நீ நிறுத்திவிடுவாய். நாடகம் நிற்கக் கூடாது என்பது உன்னைவிட எனக்குப் பிடிவாதம். ஏன் என்று சொல்கிறேன். கல்யாணமாகி வந்த முதல் வாரம் உன் அண்ணன் என்னைப் பைக்கில் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேக்கால வீதிமுனையில் வண்டியை நிறுத்தி இறங்கித் தள்ள ஆரம்பித்தார். ஏன் என்றேன். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றார். புதுப் பட்டுச்சேலையோடு நான் பின்னால் நடந்தேன். வீதி தாண்டியதும் ஏறி உதைத்தார், வண்டி கிளம்பிவிட்டது. பதினான்கு வருஷம் ஆகிறது. அந்தப் பெட்ரோலைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் மறைத்தேன். வால்பாறை வேலை தானாக வந்ததில்லை. ஏப்ரலில் உன் நாடகத்தைப் பற்றி ஏதோ பேப்பரில் வந்ததை ரவிதேஜா இவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். “எங்க தாத்தா பேரை இழுக்காம உங்க தங்கச்சிக்கு வேற கதையே கிடைக்கலீங்களா?” என்று கேட்டாராம். குரலை உயர்த்தவில்லை, மரியாதையாகத்தான் கேட்டாராம். மறுநாள் அட்டையைக் கழற்றிக்கொண்டு மலைக்கு அனுப்பிவிட்டார்கள். டொரான்டோ வீடியோ வந்தபிறகு, அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று இவர்தான் சொன்னார்.

திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.
மெர்சி


லீட்ஸ்
15 செப்டம்பர் 2024

அண்ணி,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

எட்டு மாதம் என் அம்மாவை அவளுக்குத் தெரியாமல் ஊர் ஊராகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த உங்கள் வரியைக் கிழித்துவிட்டேன். அக்டோபரில் இரண்டு ஊர் பாக்கி இருந்தது, நிறுத்திவிட்டேன்.

அவளிடம் சொல்லுங்கள். முழுக்கச் சொல்லுங்கள். அவள் வேண்டாம் என்றால் இது இத்தோடு முடிந்தது. அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

பைக் விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இனியா


துடியலூர்
6 அக்டோபர் 2024

அன்பு இனியா,

இப்போதாவது நலமா என்று கேட்கலாமா? இங்கே நலம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் அத்தை எதிரில் உட்கார்ந்து உன் கடிதங்கள் நான்கையும் வாசித்தேன். சாராயக்கடையைக்கூட விடவில்லை. அவர்கள் தலை நிமிரவில்லை. முடித்தபோது என் தொண்டை வறண்டுபோயிருந்தது. எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

“அதுல அந்தச் செருப்பு எப்பிடிங் கண்ணு இருக்குது?”

நீ அனுப்பிய போட்டோவைக் காட்டினேன். தோல் செருப்பு, பெரிய ஆள் போடுகிறது. பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். ஏன் என்றால் சொல்லவில்லை. அத்தை அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை, எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இடுப்பில் தூக்கியது ஏன் என்றும் கேட்டேன்.

“நான் வாரேன்னு எழுது. எந்த நாளுன்னு மட்டும் அவளைச் சொல்லச் சொல்லு. மத்தது அங்க வந்து பாத்துக்கலாம்” என்றார்கள்.

இதில் பொய் ஒரு சொட்டுக்கூட இல்லை, பைபிள் மேல் சத்தியம்.

ஹாலுக்கு மூன்று இடம் அலைந்தேன். முதலில் சரி என்பார்கள், நாடகம் எதைப் பற்றி என்று தெரிந்ததும் அன்றைக்கு ஏதோ கல்யாணம் வந்துவிடுகிறது. கடைசியில் எங்கள் அப்பா பிரான்சிஸ்தான் வழி செய்தார். அவர் பழைய மில் தொழிலாளி அல்லவா, காந்திபுரத்தில் அவர்கள் சங்க ஹாலைக் கேட்டு வாங்கிவிட்டார். இருநூறு பேர் உட்காரலாம். டிசம்பர் 22. நீ டிக்கெட் போடு.

மெர்சி


துடியலூர்
5 ஜனவரி 2025

என் கண்ணு இனியாவுக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி பார்த்தோம். அத்தை நலம், நானும் நலம். உன் அண்ணன் கம்பெனியிலிருந்து நின்றுவிட்டார். கணபதியில் சொந்தமாக மோட்டார் ரிப்பேர்க் கடை போடப்போகிறார். பயம் இருக்கிறது, ஆனால் முகம் தெளிந்திருக்கிறது.

நீ மேடைக்குப் பின்னால் இருந்தாய், வாசலில் நடந்தது உனக்குத் தெரியாது. ஏர்போர்ட் போகிற அவசரத்தில் சொல்லவும் முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாசலில் ஆட்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லிக்கொண்டு நின்றது உன் அண்ணன். காலை பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி நேராக வந்து, யாரும் கேட்காமல் அந்த வேலையில் நின்றுகொண்டார். ரவிதேஜாவும் வந்தார். தன் தாத்தாவைப் பற்றி என்ன பேசப்போகிறாய் என்று பார்க்க வந்திருப்பார். இவரைக் கண்டதும் நின்றார். “கழட்டிக் கையில எடுத்துக்கோங்க” என்று மற்றவர்களிடம் சொன்ன அதே குரலில் இவர் சொன்னார். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ரவிதேஜா முகம் கடுகடுவென்று ஆகி, குனிந்து லேஸை அவிழ்த்தார்.

அவருக்குப் பின்னால் அத்தை. பெற்ற மகனே சொல்கிறார், கழட்டுங்கம்மா என்று. அத்தை நகரவில்லை.

“நான் கழட்ட மாட்டேன் சாமி” என்றார்கள்.

நாடகத்துக்கு அதுதான் சட்டம் என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். “தெரியும். மெர்சி வாசிச்சா. நான் கழட்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, ஷூவைக் கையில் பிடித்து நின்ற ரவிதேஜாவைத் தாண்டி, டக் டக்கென்று உள்ளே நடந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். இருநூறு பேரில் அவர்கள் காலில் மட்டும்தான் செருப்பு. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. ரவிதேஜா அரை மணி நேரம் கடைசி வரிசையில் இருந்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் உன் முகத்தை நீ பார்த்திருக்க மாட்டாய், நான் பார்த்தேன். நீ குனிந்து அந்தத் தோல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாய். அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே, பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னார்கள்.

“அம்மணி, அது எம்பட செருப்பில்ல.”

நீ அப்படியே நின்றுவிட்டாய்.

“எனக்கு ஏது செருப்பு அன்னிக்கு? அது உம்பட செருப்பு. செவப்பு ரப்பர், மேல பூ வெச்சது. உங்கப்பன் இதே காந்திபுரத்துல வாங்கிட்டு வந்தது. உன்னையப் பாத்துக் கழட்டுன்னு எவனும் சொல்லிரக் கூடாதுன்னு, முனையிலயே நானே கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, உன்னைத் தூக்கிட்டு நடந்தேன். முள்ளுன்னு சொன்னது அதுக்குத்தான்.”

நீ மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாய். நாடகம் அன்றைக்கு அதோடு நின்றது. ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை, நீ கவனித்தாயா?

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் கேட்டேன், இதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று. தன் மகள் தன்னை ஞாபகம் வைத்து ஒன்று செய்திருக்கிறாள், அதை எப்படிச் செய்கிறாள் என்று முதலில் பார்க்க வேண்டும் என்று ஆசையாம். பார்த்தாயிற்று, இனிச் சரியாகச் செய்யச் சொல் என்றார்கள்.

ஆக இப்போது நிஜமாகவே எழுதுகிறேன். நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சரி என்றார்கள்.

உன் அண்ணி,
மெர்சி


லீட்ஸ்
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு, அம்மாவுக்கு,

இது இரண்டு பேருக்கும். அண்ணி வாசிக்க வேண்டும், எதையும் விடாமல். இங்கே குளிர் குறைந்துவிட்டது, நான் நலம். அண்ணன் கடையின் போர்டு போட்டோ பார்த்தேன், எழுத்து பெரிதாக இருக்கிறது, அப்படித்தான் இருக்க வேண்டும். அம்மா, கடைக்குப் போய் வேலை செய்கிறேன் என்று முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதே.

இத்தனை வருஷம் உன் கையையும் உன் காலையும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் காலைப் பற்றி ஒருமுறைகூட யோசித்ததில்லை. யோசிக்கக் கூடாது என்றுதானே நீ தூக்கினாய். அதை நினைத்து மூன்று நாள் அழுதேன். பிறகு எழுந்து நாடகத்தைத் திருத்தினேன்.

தோல் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மூட்டை கட்டிய துணிப் பொம்மையை எடுத்து, ஆறு வயதுப் பிள்ளையின் கனம் வரும்படி உள்ளே மணல் அடைத்தோம். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் சிவப்புச் செருப்போடு, வெறுங்காலில் முழு வீதியும் நடக்கிறேன். இடுப்பு ஒடிந்துபோகிறது. பள்ளிக்கூடம் இருந்த அத்தனை நாளும் எப்படி நடந்தாய்?

வாசலில் இப்போது யாரையும் கழற்றச் சொல்வதில்லை. அவரவர் ஷூ அவரவர் காலில். அதற்குப் பதிலாக ஒவ்வொருவர் கையிலும் ஒரு குழந்தையின் செருப்பைக் கொடுக்கிறோம், ஒன்றரை மணி நேரம் கீழே வைக்கக் கூடாது. பழைய துணிக்கடைகளில் தேடி நாற்பது ஜோடி சேர்த்தோம்.

நேற்று முதல் நாடகம், அதே சாராயக்கடை மாடி. இந்தத் தடவையும் நான்கு பேர் பாதியில் எழுந்து போனார்கள், அம்மா. ஆனால் கையிலிருந்த செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான்கு பேரும் நாடகம் முடிகிறவரைக்கும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

உன் மகள்,
இனியா